உயிர்ப்பு ஞாயிறுக்கு அப்புறமும் 50 நாட்கள் இருக்கின்றன: பாஸ்கா காலத்தில் விசுவாசத்தைச் செயலில் வாழ்வது எப்படி?

கேட்கப்பட்ட கேள்வி சுருக்கமாக இது: "தவக்காலம் முழுக்க நோன்பு இருந்தோம், செபித்தோம், சேர்த்த பணத்தை ஏழைகளுக்குக் கொடுத்தோம். ஈஸ்டர் வந்ததும் எல்லாம் நின்றுபோனது. மகிழ்ச்சியின் காலம் என்கிறார்கள். ஆனால் அந்த மகிழ்ச்சியில் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. இந்தக் காலத்தில் விசுவாசத்தைச் செயலில் காட்டுவது எப்படி? தவக்காலத்துத் தர்மத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?"

பெரியவர்களைத் திருமுழுக்குக்குத் தயாரிக்கும் பணியில் பல வருடங்களாக இருக்கிறேன். ஏறக்குறைய ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் இதைக் கேட்பார். கேட்பவர்கள் பெரும்பாலும் தவக்காலத்தை நேர்மையாக அனுசரித்தவர்கள். அதனால்தான் அதற்குப் பிறகு வரும் வெறுமை அவர்கள் கண்ணில் படுகிறது.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். தவக்காலத்தில் நாம் எதையாவது விடுகிறோம், விட்டதைப் பிறருக்குக் கொடுக்கிறோம். பாஸ்கா காலத்துக்கு உரிய செயல், ஒருவரிடம் போய் அவரோடு கூட இருப்பது. உயிர்த்த இயேசு தம் சீடர்களிடம் செய்தது அதைத்தான். விட்டு ஓடினவர்களிடம் திரும்பி வந்தார், அவர்கள் சொன்னதைக் கேட்டார், சாப்பிட வைத்தார், அப்புறம் ஒரு பொறுப்பை ஒப்படைத்தார். நாம் செய்யக்கூடியதற்கு எல்லாம் மாதிரி அந்த உயிர்ப்புக் காட்சிகளிலேயே இருக்கிறது.

காலத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. பாஸ்கா காலம் உயிர்ப்பு ஞாயிறு தொடங்கித் தூய ஆவியார் பெருவிழா (பெந்தெகொஸ்து) வரை 50 நாட்கள். தவக்காலத்தைவிட நீளம். கத்தோலிக்கத் திருவழிபாட்டு ஆண்டுக்கான 1969ஆம் வருடத்து ஒழுங்குகள் இந்த 50 நாட்களையும் ஒரே திருநாளாக, ஒரு 'பெரிய ஞாயிறாக'க் கொண்டாடச் சொல்கின்றன. இது மிகப் பழைய வழக்கம். 325இல் கூடிய நிக்கேயா பொதுச்சங்கத்தின் 20ஆம் சட்டம், ஞாயிறுகளிலும் பெந்தெகொஸ்து வரையுள்ள நாட்களிலும் முழங்காலிடாமல் நின்றுகொண்டே செபிக்க வேண்டும் என்கிறது. தவக்காலத்தை லெந்து நாட்கள் என்று சொல்லும் சபைகளில் இருப்பவர்களுக்கும் கீழே சொல்வதெல்லாம் அப்படியே பொருந்தும்.

தவக்காலத்துக்கு நோன்பு, செபம், தர்மம் என்று ஒரு வடிவம் கையில் இருக்கிறது. பாஸ்கா காலத்துக்கு அப்படி ஒன்று இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். இருக்கிறது. திருப்பலியில் வழக்கமாகப் பழைய ஏற்பாட்டிலிருந்து வரும் முதல் வாசகம், இந்தக் காலத்தில் மட்டும் திருத்தூதர் பணிகள் நூலிலிருந்து வருகிறது. திருச்சபை ஏன் இப்படி வைத்தது? இயேசு உயிர்த்தார் என்று நம்பினவர்கள் மறுநாளிலிருந்து என்ன செய்தார்கள் என்பதற்குச் சாட்சி அந்த நூல்தான். அதை வெறும் பழைய கதையாகக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். அங்கேதான் தொடர்பு அறுந்துபோகிறது.

உயிர்ப்பு நம்பிக்கையும் அன்றாட உதவியும் எவ்வளவு நெருக்கம் என்று பார்க்க, பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். 15ஆம் அதிகாரம் முழுக்க உயிர்த்தெழுதல். சாவைப் பார்த்து உன் வெற்றி எங்கே, உன் கொடுக்கு எங்கே என்று கேட்கும் உச்சம் வரைக்கும் போய், ஆண்டவருக்காக நீங்கள் படும் பாடு வீண்போகாது என்று முடிகிறது. அடுத்த வரி என்ன? எருசலேமில் வறுமையில் இருந்த இறைமக்களுக்கான நன்கொடை! வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் தங்கள் வருமானத்துக்கு ஏற்ப ஒரு தொகையை எடுத்து வையுங்கள், நான் வந்த பிறகு வசூல் செய்துகொண்டிருக்க வேண்டாம், நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஆட்களிடம் கடிதம் கொடுத்து அனுப்புகிறேன் என்கிறார். பணம் எப்போது சேர வேண்டும், யார் கொண்டுபோக வேண்டும் என்பது வரை சொல்லிவிடுகிறார். அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டில் போடப்பட்டவை. பவுலின் மடலில் இந்த இரண்டுக்கும் நடுவே இடைவெளியே கிடையாது. சாவு தோற்றுவிட்டது என்று எழுதின அதே மூச்சில், யாரோ ஒரு ஏழைக்கு வாராவாரம் எடுத்து வைக்க வேண்டிய பணத்தைப் பற்றி அவரால் எழுத முடிந்தது.

சரி, மாதிரி என்று சொன்ன அந்தக் காட்சிகளுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்தது யோவான் 21. ஏழு சீடர்கள் இரவு முழுக்க வலை போட்டும் ஒன்றும் அகப்படவில்லை. விடியும்போது கரையில் ஒருவர் நிற்கிறார். அவர் சொன்ன பக்கம் வலை வீசி, இழுக்க முடியாத அளவு மீனோடு கரைக்கு வருகிறார்கள். அங்கே கரி நெருப்பு மூட்டியிருக்கிறது, அதன்மேல் மீன் இருக்கிறது, பக்கத்தில் அப்பமும் இருக்கிறது. இதே பேதுரு தலைமைக் குருவின் வீட்டு முற்றத்தில் ஒரு கரி நெருப்பில் குளிர்காய்ந்துகொண்டுதான் 'அவரை எனக்குத் தெரியாது' என்று மறுதலித்தார். இப்போது இன்னொரு கரி நெருப்பின் முன்னால், கேள்வி எதுவும் வருவதற்கு முன்னால், "உணவருந்த வாருங்கள்" என்ற அழைப்பு வருகிறது. சாப்பிட்டு முடித்த பிறகுதான் "நீ என்மீது அன்பு செலுத்துகிறாயா?" என்ற கேள்வி. மூன்று முறை மறுத்தவரிடம் மூன்று முறை கேட்கிறார். ஏன் மறுத்தாய் என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

இந்தக் காட்சியில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கரையில் ஏற்கெனவே மீனும் அப்பமும் தயாராக இருந்தும், "நீங்கள் பிடித்த மீன்களில் சிலவற்றைக் கொண்டு வாருங்கள்" என்கிறார் இயேசு. அவருக்கு அந்த மீன் தேவையில்லை. ஆனால் அவர்கள் கையில் இருப்பதும் அந்தச் சாப்பாட்டில் சேர வேண்டும் என்று நினைக்கிறார். நாம் உதவி செய்யும்போது பெரும்பாலும் இதை மறந்துவிடுகிறோம். கொடுப்பது முழுக்க நாமாக, வாங்குவது முழுக்க அவர்களாக ஆகிவிடுகிறது. உதவி பெறுகிறவரிடம் ஏதாவது ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு யோசனையோ, ஒரு செபமோ, அவருக்குத் தெரிந்த ஒரு கைவேலையோ எதுவானாலும் சரி. தோற்றுப்போன மனிதர் நிமிர்ந்து உட்கார அது வழி செய்யும்.

உயிர்த்த இயேசு யாரிடம் போகவில்லை என்பதையும் பாருங்கள். தமக்குச் சாவுத் தீர்ப்பளித்த பிலாத்துவிடம் போகவில்லை, தலைமைக் குரு கயபாவிடம் போய் 'பார்த்தாயா' என்று நிற்கவில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு பயந்து உட்கார்ந்திருந்தவர்களிடம் போய், "உங்களுக்கு அமைதி உரித்தாகுக" என்றார். ஆகவே பாஸ்கா காலத்தில் நான் முதலில் சொல்லும் வேலை, பேச்சு அறுந்துபோன ஒருவரிடம் நாமாகப் போவது. யார் பக்கம் தப்பு என்ற கணக்கு தீரும்வரை காத்திருந்தால் அந்த நாள் வரவே வராது. போன் செய்யலாம், ஒரு செய்தி அனுப்பலாம். முதல் பேச்சிலேயே பழையதைக் கிளற வேண்டாம், நலம் விசாரித்தால் போதும். எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் வராவிட்டாலும் நீங்கள் செய்தது செய்ததுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அடித்தவரிடம், துன்புறுத்தியவரிடம் திரும்பிப் போ என்று உயிர்ப்பின் பெயரால் யாரையும் வற்புறுத்தக் கூடாது. மன்னிப்பு வேறு, ஆபத்து இருக்கும் இடத்துக்குத் திரும்பிப் போவது வேறு. அப்படிப்பட்ட ஒருவர் உங்கள் சபையில் இருந்தால், அவரைப் பாதுகாப்பாக வைப்பதும் அவர் சொல்வதை நம்புவதும்தான் உங்கள் பாஸ்கா பணி. 'ஈஸ்டர் ஆயிற்றே, சமாதானமாகப் போ' என்று அவரிடம் சொல்லும் உறவினர்களைத் தடுத்து நிறுத்துவதும் அதில் சேரும்.

அடுத்தது துக்கத்தில் இருப்பவர்கள். இந்தக் காலத்தில் அவர்கள் படும் பாடு தனி. சுற்றிலும் அல்லேலூயா கேட்கிறது, பீடத்தில் பூக்கள். தவக்காலத்தில் கணவரை இழந்த ஒரு பெண்ணுக்கு அந்தப் பாட்டு தொண்டையில் அடைக்கும். ஒரு சபையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். அப்படி ஒரு அம்மா பாஸ்கா காலத்தின் இரண்டாம் ஞாயிறு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். பாட்டு ஆரம்பித்ததும் எல்லோரும் எழுந்தார்கள், அவர் எழவில்லை. பக்கத்தில் இருந்த இன்னொரு பெண்ணும் எழாமல் அவரோடு உட்கார்ந்துகொண்டார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. வழிபாடு முடிந்து வெளியே வந்ததும், "பேப்பர் வேலையெல்லாம் முடிந்ததா அக்கா?" என்று கேட்டார். முடியவில்லை. இறப்புச் சான்றிதழ், வங்கிக் கணக்கில் பெயர் மாற்றம், குடும்ப ஓய்வூதியத்துக்கான படிவங்கள் எல்லாம் ஒரு பையில் கட்டி வைத்தபடியே கிடந்தன. அந்தப் பெண் வாரம் ஒரு மதியம் வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு காகிதமாக எடுத்துப் பிரித்து அடுக்கி, எந்த அலுவலகத்துக்கு எது போக வேண்டும் என்று மேலே எழுதி, கையெழுத்து வாங்கி, கூடவே போய் வரிசையில் நின்றார். பெந்தெகொஸ்து நெருங்கும்போது படிவங்கள் முடிந்திருந்தன. அந்த வாரங்களில் அந்த அம்மா தன் கணவரைப் பற்றி எவ்வளவோ பேசியிருந்தார்.

எம்மாவு ஊருக்குப் போகும் வழியில் உயிர்த்த இயேசு செய்தது இதுதானே. எருசலேமிலிருந்து ஏறக்குறைய 11 கிலோமீட்டர் தூரம். சீடர்கள் இருவர் முகவாட்டத்தோடு நடக்கிறார்கள். கூட வந்து சேர்ந்தவருக்கு நடந்தது எல்லாம் தெரியும். இருந்தும் "என்ன நிகழ்ந்தது?" என்று கேட்டு, அவர்களே முழுக்கச் சொல்லும்வரை நடந்துகொண்டே கேட்கிறார். நாங்கள் எதிர்பார்த்திருந்தோமே என்ற அவர்களுடைய ஏமாற்றத்தையும் சொல்லி முடிக்க விடுகிறார். விளக்கம் அதற்கப்புறம்தான். வீட்டுக்குள் போனதும் அவர்கள் வற்புறுத்திக் கூப்பிட்ட பிறகுதான். துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் இந்த வரிசையை மாற்றாமல் வைத்துக்கொண்டால் போதும். 'அவர் ஆண்டவரிடம் இருக்கிறார், அழாதே' என்ற வார்த்தை உண்மையாகவே இருந்தாலும் முதல் வார்த்தையாக வரக் கூடாது.

இப்போது திருத்தூதர் பணிகள் நூல். 2ஆம், 4ஆம் அதிகாரங்களில் எல்லாவற்றையும் பொதுவாக வைத்திருந்தார்கள், தேவையில் உழல்வோர் அவர்களிடையே எவரும் இல்லை என்று வாசிக்கும்போது, அது ஏதோ எட்டாத பொற்காலம் என்று தோன்றும். அதைவிட எனக்கு உதவியாக இருப்பது 6ஆம் அதிகாரம். ஏனென்றால் அங்கே ஒரு புகார் வருகிறது. அன்றாடப் பந்தியில் தங்கள் கைம்பெண்கள் கவனிக்கப்படுவதில்லை என்று கிரேக்க மொழி பேசுகிறவர்கள் முணுமுணுக்கிறார்கள். உயிர்த்த ஆண்டவரை நேரில் பார்த்தவர்கள் நடத்திய பந்தியிலேயே சிலர் விடுபட்டுப் போயிருக்கிறார்கள்! அதுவும் மொழி வேறாக இருந்தவர்கள்.

திருத்தூதர்கள் அந்தப் புகாரை மறுக்கவில்லை. 'இப்படி முணுமுணுப்பது நல்ல கிறிஸ்தவனுக்கு அழகா' என்று புத்தி சொல்லவுமில்லை. எல்லோரையும் கூப்பிட்டு, நற்சான்று பெற்ற ஏழு பேரை நீங்களே தேர்ந்தெடுங்கள் என்றார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட ஸ்தேவான், பிலிப்பு, பிரக்கோர், நிக்கானோர், தீமோன், பர்மனா, நிக்கொலா ஏழு பேருக்கும் கிரேக்கப் பெயர்கள். யார் விடுபட்டார்களோ அவர்கள் பக்கத்து ஆட்களிடமே பந்திப் பொறுப்பு போனது என்று பல விளக்கவுரையாளர்கள் சொல்கிறார்கள். கைகளை வைத்து செபித்துத்தான் அந்த வேலையைக் கொடுத்தார்கள். சாப்பாடு பரிமாறும் ஒழுங்குக்குக் கைவைத்துச் செபிக்கிற அளவு மரியாதை!

இதை உங்கள் சபையில் எப்படிச் செய்வது? நீங்கள் பொறுப்பில் இருப்பவரானால், ஏற்கெனவே இருக்கும் உதவிப் பட்டியலை எடுத்து, இதில் யார் இல்லை என்று பாருங்கள். படியேற முடியாமல் வராமல் போனவர்கள், வேறு மொழி பேசுகிறவர்கள், கோயிலில் திருமணம் செய்யாததால் கூச்சப்பட்டு ஒதுங்கினவர்கள், மனநோய் உள்ள பிள்ளையை வைத்துக்கொண்டு எங்கும் போக முடியாத பெற்றோர், வேலை நேரம் காரணமாக ஞாயிறு வர முடியாதவர்கள். இவர்களில் யாரும் தானாக வந்து கேட்க மாட்டார்கள். பொறுப்பில் இல்லாதவரானால், அந்த முணுமுணுப்பை மரியாதையோடு உரியவர் காதுக்குக் கொண்டுபோங்கள். அதுவும் ஒரு பணிதான். குறை சொல்கிறவரைக் குழப்பக்காரர் என்று முத்திரை குத்தாத சபைதான் 6ஆம் அதிகாரத்தைச் சரியாக வாசித்த சபை.

9ஆம் அதிகாரத்தில் யோப்பா ஊரில் தபித்தா என்றொரு சீடர் வருகிறார். அவர் இறந்ததும் பேதுருவைக் கூப்பிடுகிறார்கள். மாடியறைக்கு ஏறிப் போனால், கைம்பெண்கள் அழுதுகொண்டே சூழ்ந்து நின்று, தபித்தா தங்களோடு இருந்தபோது செய்துகொடுத்த உடைகளை ஒவ்வொன்றாகக் காட்டுகிறார்கள். தபித்தா பேசிய ஒரு வார்த்தையைக்கூட இந்த நூலை எழுதிய லூக்கா பதிவு செய்யவில்லை. தைத்த துணிதான் சாட்சி சொல்கிறது. 'எனக்குப் பேசத் தெரியாது, பைபிள் அதிகம் தெரியாது, நான் என்ன செய்வது' என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் இந்தப் பகுதியைத்தான் வாசிக்கக் கொடுப்பேன். உங்கள் கைக்கு என்ன வருமோ அதைச் செய்யுங்கள். தையல், கணக்கு, வண்டி ஓட்டுவது, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது, பழுது பார்ப்பது எல்லாம் சேர்த்தி.

அதே அதிகாரத்தில்தான், கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திவந்து பின்னால் பவுல் என்று அறியப்பட்ட சவுலின் கதையும். தமஸ்குவில் அனனியா என்ற சீடருக்கு அவர்மேல் பயம். பயப்படக் காரணமும் இருந்தது. ஆனாலும் போய், கைகளை வைத்து, 'சகோதரர் சவுலே' என்று கூப்பிட்டார். எருசலேமில் யாரும் நம்பாதபோது பர்னபா அவரைக் கையோடு அழைத்துப்போய்த் திருத்தூதர்கள் முன்னால் நிறுத்தி, அவருக்காகப் பேசினார். கடந்தகாலம் சரியில்லாத ஒருவருக்குச் சபைக்குள் ஒரு ஆள் முதலில் பொறுப்பேற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. சிறையிலிருந்து வந்தவர், குடியை விட்டுவிட்டு வந்தவர், பல வருடம் சபையைத் திட்டிவிட்டுத் திரும்பியவர், இவர்களுக்கெல்லாம் ஒரு பர்னபா தேவை. சிறையும் ஈஸ்டரும் சேர்வது புதிதல்ல. 367இல் முதலாம் வலெந்தினியான் பேரரசர் பாஸ்கா நாளை முன்னிட்டு, கொலை போன்ற கொடுங்குற்றங்கள் நீங்கலாகச் சிறையில் இருந்தவர்களை விடுவிக்கச் சட்டம் போட்டார். நம்மால் சிறைக் கதவைத் திறக்க முடியாது. வெளியே வந்தவருக்கு வேலை கிடைக்க ஒரு வார்த்தை சொல்ல முடியும்.

என் பணி சம்பந்தப்பட்டதால் இதையும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்: உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்பில் திருமுழுக்கு பெற்ற பெரியவர்களை அடுத்த வாரமே நாம் மறந்துவிடுகிறோம். மாதக்கணக்கில் வாராவாரம் வகுப்பு, அன்று இரவு வெள்ளை உடை, மெழுகுவர்த்தி, கைதட்டல். அதற்கப்புறம் அவர் தனி. சிலருக்கு வீட்டில் எதிர்ப்பு இருக்கும், சிலருக்குப் பழைய நண்பர்கள் விலகியிருப்பார்கள். பழைய திருச்சபை இப்படி விடவில்லை. 4ஆம் நூற்றாண்டு எருசலேமில், திருமுழுக்கு பெற்றவர்களை உயிர்ப்பு வாரம் முழுக்க நாள்தோறும் கூட்டி, அவர்கள் பெற்ற அருள்சாதனங்களின் பொருளை விளக்கியிருக்கிறார்கள். ஆயர் சிரிலின் பெயரால் வழங்கும் அந்த உரைகள் இன்றும் கிடைக்கின்றன. இந்த 50 நாட்களில் புதிதாகத் திருமுழுக்கு பெற்ற ஒருவரையோ ஒரு குடும்பத்தையோ உங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சேர்ந்து சாப்பிடுங்கள். கோயிலில் அவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள், நாலு பேருக்கு அறிமுகம் செய்துவையுங்கள். இதற்குப் பணமும் வேண்டாம், படிப்பும் வேண்டாம்.

விவிலியக் காலத்தோடு இது முடிந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை. ஏறக்குறைய 155இல் உரோமையில் யுஸ்தின் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் எழுதிய முதல் விளக்கவுரையில், கிறிஸ்தவர்கள் ஞாயிறு கூடி என்ன செய்கிறார்கள் என்று வெளியாருக்குச் சொல்கிறார். வாசகம், மறையுரை, நற்கருணை, வராதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் அதைக் கொண்டுபோவது, அப்புறம் வசதியுள்ளவர்கள் விரும்பியதைக் கொடுப்பது. அந்தப் பணத்தில் அனாதைகளும், கைம்பெண்களும், நோயாளிகளும், சிறையில் இருப்பவர்களும், அந்நியர்களும் பராமரிக்கப்படுகிறார்கள் என்கிறார். எல்லோரும் கூடும் நாளாக ஞாயிறு ஏன் என்றால், இயேசு உயிர்த்த நாள் அது என்று அதே இடத்தில் காரணமும் சொல்கிறார்.

மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் அலெக்சாந்திரியாவில் கொள்ளைநோய். அந்நகர ஆயர் தியோனிசியு எழுதிய பாஸ்கா மடல் ஒன்றின் பகுதியை யூசேபியு தம் திருச்சபை வரலாற்றில் காத்துவைத்திருக்கிறார். சாவு இல்லாத வீடே இல்லை, இது திருநாள் காலமாகவா தெரிகிறது என்ற நிலையில் எழுதப்பட்டது அது. சகோதரர்களில் பலர் தங்களைப் பற்றிக் கவலைப்படாமல் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார்கள், இறந்தவர்களின் கண்களை மூடி, தோளில் சுமந்து, குளிப்பாட்டி அடக்கம் செய்தார்கள், அவர்களில் பலர் அதே நோயில் இறந்தார்கள் என்கிறார். அது ஒரு ஆயர் தம் மக்களைப் பற்றி எழுதியது என்பதை மனதில் வைத்துத்தான் வாசிக்க வேண்டும். ஆனாலும் ஈஸ்டர் வாழ்த்து சொல்ல எழுதிய கடிதத்தில் பிணம் சுமந்தவர்களை நினைத்துப் பெருமைப்பட்டார் பாருங்கள், அது என்னை ஒவ்வொரு வருடமும் தொடுகிறது.

சரி, நடைமுறைக்கு. என் ஆலோசனை ஒன்றே ஒன்று: இந்த 50 நாட்களுக்கு ஒரே ஒரு ஆளை அல்லது ஒரே ஒரு பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து இடத்துக்கு ஒரு தடவை போவதைவிட, ஒரு இடத்துக்கு ஏழு வாரமும் போங்கள். முதியோர் இல்லத்தில் ஒரு நாள் போய் எல்லோருக்கும் பழம் கொடுத்துப் படம் எடுத்துவிட்டு வருவது சுலபம். அங்கே பார்க்க யாருமே வராத ஒரே ஒருவரின் பெயரைக் கேட்டுக்கொண்டு, வாராவாரம் அதே கிழமை, அதே நேரம் போவது கஷ்டம். மூன்றாவது வாரத்தில் பேச ஒன்றும் இருக்காது. அலுப்பாகக்கூட இருக்கும். போங்கள். அந்த அலுப்பைத் தாண்டினால்தான் அவர் உங்களை எதிர்பார்க்கத் தொடங்குவார்.

போவதற்கு முன்னால் அவரிடமே கேட்டுவிடுங்கள். எரிகோவில் பார்வையற்றவரிடம்கூட இயேசு "நான் உமக்கு என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டார். அவருக்கு என்ன தேவை என்று நாமே முடிவு செய்துகொண்டு போனால் பாதி நேரம் தேவையில்லாத உதவியாகத்தான் இருக்கும். உதவியோடு நிபந்தனை எதையும் கட்டாதீர்கள். 'நீங்களும் நம் கோயிலுக்கு வந்தால் நன்றாக இருக்கும்' என்ற ஒரு வரி போதும், செய்த அத்தனையும் விலை பேசினதாக மாறிவிடும். ஏன் செய்கிறீர்கள் என்று அவராகக் கேட்டால் ஒளிக்காமல் சொல்லுங்கள். இயேசு உயிருடன் இருக்கிறார் என்று நம்புகிறேன், அதனால்தான் வருகிறேன் என்று நேராகச் சொல்வதில் தப்பே இல்லை.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் பொறுப்பு கொடுத்துச் சேருங்கள். தனியாக இருக்கும் பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டுவது எட்டு வயதுப் பிள்ளையால் முடியும். நோயில் படுத்திருப்பவர்கள், வெளியே போக முடியாதவர்கள் கேட்பதுண்டு: நாங்கள் என்ன செய்வது? உங்களைப் போலப் படுத்திருக்கும் இன்னொருவருக்குத் தினம் ஒரு போன். அவர் பெயரைச் சொல்லிச் செபம். அதைவிடப் பெரியதை யாரும் உங்களிடம் கேட்க முடியாது.

வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்களுக்கு வேறு ஒன்று சொல்ல வேண்டும். பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு தம் மடலில் எழுதுகிறார். ஈஸ்டருக்குப் புதுத் துணி எடுத்துக்கொடுப்பதற்கு முன்னால், தர வேண்டிய சம்பளம் உரிய நாளில் முழுசாகப் போய்ச் சேருகிறதா, ஓய்வு நாள் கிடைக்கிறதா என்று பாருங்கள். நியாயமாகச் சேர வேண்டியதைத் தர்மம் என்ற பெயரில் கொடுக்காதீர்கள். இது சிலருக்குச் செலவு வைக்கும். பிலிப்பி நகரில் குறிசொல்லும் அடிமைப் பெண்ணைப் பவுல் விடுவித்தபோது, அவளை வைத்துப் பணம் பார்த்தவர்கள்தான் அவரையும் உடனிருந்த சீலாவையும் பிடித்து இழுத்துப்போனார்கள். இருவரும் அடிபட்டுச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அதே இரவில் சிறைக் காவலர் ஒருவர் விசுவாசம் கொண்டு, பவுல், சீலா இருவரின் அடிபட்ட காயங்களை அந்த நேரத்திலேயே கழுவினார் என்று திருத்தூதர் பணிகள் 16ஆம் அதிகாரம் சொல்கிறது. அதற்கப்புறம்தான் அவருக்குத் திருமுழுக்கு.

இவ்வளவு செயலைப் பற்றிப் பேசினால், செயலால் மீட்பு என்று ஆகிவிடாதா என்று சிலர் கேட்பார்கள். ஆகாது. அருளால்தான் மீட்கப்பட்டோம், செயல்களால் அல்ல என்று எபேசியர் 2ஆம் அதிகாரத்தில் சொன்ன பவுல், அடுத்த வரியிலேயே நற்செயல்கள் செய்யவே நாம் படைக்கப்பட்டோம் என்கிறார். தவக்காலத்துத் தர்மத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டீர்களே, அதற்கு விடையும் இங்கேதான். தவக்காலத்தில் பாவத்துக்கு வருந்திக் கொடுத்தோம். இப்போது ஏற்கெனவே கிடைத்துவிட்டதற்காகச் செய்கிறோம். சம்பாதிக்க வேண்டியது ஒன்றும் பாக்கியில்லை. அதனால்தான் இதை அவசரமில்லாமல், முகம் சுளிக்காமல் செய்ய முடியும். முகத்தில் அந்த மகிழ்ச்சி துளியும் இல்லாமல் வெறும் கடமையாகச் செய்துகொண்டிருந்தால் ஒரு வாரம் நிறுத்திவிட்டு, யோவான் 20, 21 அதிகாரங்களை மெதுவாக வாசித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

வாசிப்புக்கு ஒரு ஏற்பாடும் செய்துகொள்ளலாம். திருத்தூதர் பணிகள் 28 அதிகாரங்கள். இரண்டு நாளைக்கு ஒன்று வாசித்தால்கூட 50 நாட்களில் பெரும்பகுதி முடிந்துவிடும். ஒவ்வொரு அதிகாரத்திலும் உதவி தேவைப்படுபவர் யார், எழுந்து போனவர் யார் என்று மட்டும் குறித்துக்கொண்டே வாருங்கள்.

பெந்தெகொஸ்துக்கு அப்புறம் என்ன என்பதை அந்த ஆளிடம் முன்பே பேசிவிடுங்கள். ஏழு வாரம் வந்தவர் எட்டாவது வாரம் சொல்லாமல் நின்றுபோனால், வராமலே இருந்ததைவிட அதிகம் வலிக்கும். தொடர முடிந்தால் தொடருங்கள். முடியாவிட்டால் கடைசி இரண்டு வாரம் இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கிவிட்டு, அவர் கையில் ஒப்படைத்துவிட்டு வாருங்கள். பாஸ்கா காலத்தில் பாதி போய்விட்டதே என்றால் பரவாயில்லை, மீதி வாரங்களுக்குத் தொடங்கலாம். யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லையானால் உங்கள் பங்குத்தந்தையிடமோ சபை ஊழியரிடமோ, நீண்ட நாளாக யாரும் போய்ப் பார்க்காத வீடு எது என்று கேளுங்கள். அவரிடம் நிச்சயம் ஒரு பெயர் இருக்கும்.